கசிவின்மைச் சான்று

கோயம்புத்தூருக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவிநாசி சாலையில், பீளமேட்டைத் தாண்டி, நூற்பாலை ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில், கொங்கு மண்டல ஆழ்கடல் ஆணையம் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. நான்கு மாடி உயரத்துக்கு வட்டமான தொட்டி. ஒரு சாண் கனமுள்ள அக்ரிலிக் பலகைகளை வளைத்து ஒட்டியது. உள்ளே பதின்மூன்று லட்சம் லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டாயிரத்துச் சொச்சம் மீன்கள்.

திறப்பு விழாவில் ஆணையத்தின் இயக்குநர் கோவிந்தராஜுலு பேசினார்.

"நம்மூர்ல மில்லு இருக்குது, மோட்டார் இருக்குது, காலேஜ் இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. கடல் மட்டுந்தானுங்க இல்லாம இருந்துச்சு. அந்தக் குறையப் பதினெட்டே மாசத்துல தீத்துப்போட்டோம். சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது, சாமிக்கே இதைவிட அதிக நாள் ஆச்சுங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. தொட்டியின் பின்புறத்திலிருந்த பம்ப் அறையில் நின்றபடி சென்னியப்பனும் கைதட்டினார்.

சென்னியப்பனுக்கு ஊர் சூலூர். முப்பத்தோரு வருடம் பம்ப் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எங்கே போகும், எதற்காகப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் ஆணையம் அவரை நீர்மட்டப் பணியாளராக எடுத்துக்கொண்டது. தொட்டியின் நீர்மட்டத்தை அளவுகோலில் தினம் இரண்டு முறை பார்த்து எழுதுவதும், குறைந்த அளவுக்கு உப்புக் கலந்த தண்ணீரை ஏற்றுவதும் அவர் வேலை. ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். வெயிலுக்கும் விளக்குச் சூட்டுக்கும் அரை சென்டிமீட்டர் இறங்குவது நியாயம். எட்டு மாதம் அது நியாயமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியது. மறுநாள் இரண்டு.

அன்றைக்குக் காலையில் தரை துடைக்கும் செவ்வந்தி பம்ப் அறை வாசலில் வந்து நின்றாள். போத்தனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். தேவையில்லாமல் யாரிடமும் பேசமாட்டாள்.

"ஏனுங்கண்ணா, சித்த வந்து பாருங்க. தொட்டிக்கு அடியில துடைக்கத் துடைக்க ஈரம் வந்துட்டே இருக்குது. வெரல்ல தொட்டு வாயில வெச்சுப் பாத்தேன். உப்புக் கரிக்குதுங்க."

சென்னியப்பன் போய்க் குனிந்து பார்த்தார். இரண்டு பலகைகள் சேரும் ஒட்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு விரிசல். நான்கு விரல் நீளம். முடியைப் போல மெல்லியது. அதன் கீழ்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ந்து, கனத்து, விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொட்டு சேர ஆரம்பித்தது. வெளியே தெரிவது இவ்வளவுதான், மீதி ஒட்டு வழியாகத் தரைக்கு அடியில் இறங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது. விரிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மீன் வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனது.

அவர் நேராக உதவிப் பொறியாளர் மோகன்குமாரிடம் போனார். மோகன்குமார் இளைஞர், மரியாதையானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் எதையும் மறுப்பார்.

"அது வியர்வைங்க" என்றார் மோகன்குமார். "உள்ள குளிர்ச்சி, வெளிய சூடு. தொட்டி வியர்க்குது. எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்க."

"உப்புக் கரிக்குதுங்க தம்பி."

மோகன்குமார் ஒரு நிமிடம் யோசித்தார். "வியர்வையும் உப்புத்தானுங்களே" என்றார்.

சென்னியப்பன் எழுந்து வந்து ஒரு கடிதம் எழுதினார். 'தொட்டியின் அடிப்பாகத்தில் விரிசல் கண்டிருப்பது குறித்து' என்று பொருள் எழுதி, நீர்மட்டக் கணக்கையும் சேர்த்து இயக்குநருக்கு அனுப்பினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஆணையத்தின் சொல்லாக்க உட்குழு இரண்டு முறை கூடியதாகவும், 'விரிசல்' என்ற சொல் ஆணையத்தின் விதிகளில் எங்கும் இடம்பெறவில்லை என்று கண்டறிந்ததாகவும், இனிவரும் கடிதப் போக்குவரத்தில் 'தோற்றக் கோடு' என்று குறிப்பிடுமாறு அறிவுறுத்தப்படுவதாகவும் அதில் இருந்தது. இல்லாத ஒரு பொருளைப் பற்றியதாகையால் அவருடைய கடிதம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது.

அந்த ஒன்பது நாளில் நான்கு விரல் ஒரு சாணாகியிருந்தது.

சென்னியப்பன் மார்க்கர் பேனா வாங்கிவந்து, விரிசலின் மேல்நுனியில் சின்னதாக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். மூன்று நாள் கழித்து, அந்தக் கோட்டைத் தாண்டி இன்னொன்று. பிறகு இன்னொன்று. கம்பெனியில் வெடிப்பு விட்ட வார்ப்புகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஐந்து தேதிகள் ஏணிப்படி போல மேலே ஏறியபோது ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுச்சொத்தின் மீது எழுதுவது தண்டனைக்குரியது என்று. செவ்வந்தியிடம் ஒரு புட்டியும் துணியும் கொடுத்து அழிக்கச் சொன்னார்கள்.

"நாந்தானுங்கண்ணா அழிக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க" என்றாள் அவள். ஒவ்வொரு தேதியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத் துடைத்தாள். சென்னியப்பன் அவற்றைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து நிபுணர் குழு வந்தது. ஐந்து பேர். மூன்றாம் மாடி உணவகத்தில் உட்கார்ந்து, தொட்டியின் மேற்பாதியைக் கண்ணாடிவழி ஆய்வு செய்தார்கள். விரிசல் கீழே இருக்கிறது என்று சென்னியப்பன் சொன்னார். கீழ்ப்பகுதி தங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆய்வு எல்லைக்குள் வரவில்லை என்று குழுத் தலைவர் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். அவர் கிளம்பும்போது சென்னியப்பனின் தோளைத் தட்டிக் கொடுத்து, "இதுக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவருடைய அறிக்கை எழுபது பக்கம் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அதில் இல்லை.

அறிக்கையின் பரிந்துரைப்படி கீழ்த்தளத்து வெள்ளை விளக்குகளை எடுத்துவிட்டு நீல விளக்குகள் போட்டார்கள். நீல வெளிச்சத்தில் கோடு தெரியவில்லை. ஈரம் வரும் இடத்துக்கு முன்னால், பார்வையாளர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக ஒட்டுப்பலகையில் செய்த சுறா ஒன்றை நிறுத்தினார்கள். சுறாவின் அடிப்பக்கம் ஒரு வாரத்தில் ஊறிப்போய் உரிய ஆரம்பித்தது.

சென்னியப்பன் மறுபடி எழுதினார். இந்த முறை 'தோற்றக் கோடு' என்றே எழுதினார். இயக்குநர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கோவிந்தராஜுலு எழுந்து நின்று கைகுலுக்கினார். காபி வந்தது.

"சென்னியப்பன், உங்க அக்கறை எனக்குப் புரியுதுங்க. இத்தனை பேர் வேலை செய்யறாங்க, தண்ணியப் பத்திக் கவலைப்படறது நீங்க ஒருத்தர்தான். அதனால ஆணையம் உங்களுக்கு ஒரு மரியாதை பண்ணோணும்னு முடிவு பண்ணியிருக்குது. இன்னைலேர்ந்து நீங்க கசிவின்மைச் சான்று அலுவலர்."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"தினமும் காலையில ஒன்பதேகாலுக்கு, தொட்டியில கசிவு இல்லைன்னு ஒரு படிவத்துல நீங்க கையெழுத்துப் போடோணும். உங்க கையெழுத்து வந்தாத்தான் கதவே திறப்போம். நான் சொன்னாலும் திறக்க மாட்டாங்க. அத்தனை அதிகாரம் உங்களுக்கு."

படிவம் அச்சடித்துத் தயாராக இருந்தது. 'கசிவு: இல்லை' என்று அச்சிலேயே இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"கசிவு இருந்துச்சுன்னா எங்கீங்க எழுதறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

கோவிந்தராஜுலு படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இடம் விடலீங்க" என்றார். "இது கசிவின்மைச் சான்று. கசிவுக்குச் சான்று வேணும்னா அது வேற படிவம். அதைத் தயாரிக்கக் குழு போடோணும். நீங்க கையெழுத்துப் போடலைன்னா மீன் பாக்க வந்த சனம் வெயில்ல நிக்கும். உங்களுக்கே மனசு கேக்காது."

சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார்.

ஏன் போட்டார் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார். இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்ததால் இருக்கலாம். முப்பத்தோரு வருடத்தில் எந்த மேலதிகாரியும் அவருக்காக எழுந்து நின்றதில்லை. போட்ட பிறகு, போடாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் இன்னும் கடினமானது. நேற்றுப் போட்டவர் இன்றைக்குப் போடவில்லை என்றால் நேற்றைக்கு என்ன பதில் சொல்வது? இப்படி நாற்பத்தாறு நாள் போட்டார். ஒவ்வொரு நாளும் போடுவதற்கு முன் போய்ச் சுறாவை நகர்த்திப் பார்த்தார். ஒரு சாண் ஒன்றரை முழமானது. நீர்மட்டம் மூன்று, மூன்றரை, நான்கு என்று இறங்கியது. பகல் முழுக்கப் பம்ப் ஓடி அதை நிரப்பியது. சொட்டு கம்பியாகி, தரையடியில் செவ்வந்தி வைத்த தகர வாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறைத்தது. சாய்த்து ஊற்றிவிட்டு வந்து அவள் மறுபடி வைத்தாள்.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி ராமாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, நவ்யா மீனு பாக்கோணும்னு ஒரு வருசமாக் கேட்டுட்டு இருக்கறா. நாளைக்கு விழாவாமா. சூலூர்ப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் பஸ்ல போகுதுங்களாம். இவளையும் கூட்டீட்டுப் போலாமில்லீங்க?"

நவ்யா அவர்களுடைய பேத்தி. மகள் வீடு திருப்பூரில். அங்கே பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை என்று நவ்யா வந்திருந்தாள்.

"வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

"போன மாசமும் வேண்டாம்னீங்க."

"கூட்டமா இருக்கும்."

"தினமும் கூட்டமாவா இருக்குது?"

அவர் தட்டில் சோறு மிச்சமிருக்கக் கையைக் கழுவினார். ஒரு வருடமாக அல்ல, இரண்டு மாதமாகத்தான் அவர் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் பேத்தியை நிற்கவைக்க மனம் வராத இடத்தில் ஊரார் பிள்ளைகளை நிற்கவைக்க அவர் காலையில் ஒன்பதேகாலுக்குக் கையெழுத்துப் போடுகிறார். இதை அதுவரை இப்படி ஒரே வரியாக அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பம்ப் அறைக்குள் நுழைந்தபோது ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் கணு பிளப்பது போல, ஒரே ஒரு 'டொக்'. மீன்கள் எல்லாம் தொட்டியின் மறுபக்கத்துக்குப் போயிருந்தன. இரண்டாயிரம் மீன்களும் ஒரே பக்கமாகச் சேர்ந்து அசையாமல் நின்றன. சுறாப் பலகையை நகர்த்தினார். விரிசல் அவர் தலைக்கு மேலே போயிருந்தது. தண்ணீர் விசிறியாக வந்து அவருடைய பேண்ட்டை நனைத்தது.

"அண்ணா, வாளி பத்தாதுங்க" என்றாள் செவ்வந்தி.

"வாளிய அப்படியே போட்டுட்டு வெளிய போ அம்மணி. பையையும் எடுத்துக்கோ. திரும்பி வராதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பதேகாலுக்குப் படிவம் வந்தது. வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. மூன்று பள்ளிகளிலிருந்து வந்த நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் கையில் காகித மீனோடு வரிசையில் நின்றார்கள். சென்னியப்பன் படிவத்தை மடித்து மேசைமேல் வைத்தார்.

"போட முடியாதுங்க" என்றார்.

பின்கட்டு முதல் மாடியிலிருந்த இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள். கோவிந்தராஜுலு பட்டு வேட்டியில் இருந்தார். கோபப்படவில்லை.

"நாற்பத்தாறு நாள் போட்டீங்களே. இன்னைக்கு மட்டும் என்னுங்க?"

"அந்த நாற்பத்தாறும் தப்புங்க. தொட்டி இன்னைக்கு நிக்காது. சனத்த உள்ள விடாதீங்க. நீங்களும் வெளிய வந்துருங்க."

"அது உங்க கருத்து. கருத்துக்குப் படிவத்துல இடமில்லை." இயக்குநர் மோகன்குமார் பக்கம் திரும்பினார். "நீங்க போடுங்க."

மோகன்குமார் பேனாவைப் பார்த்தார். "எனக்கு அதிகாரம் இல்லீங்க சார். சான்று அலுவலர் கையெழுத்து மட்டுந்தான் செல்லும்னு விதி நாலுல இருக்குதுங்க."

"கசிவு ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சொல்லிட்டு இருக்கறீங்க?"

"சொல்றேனுங்க சார். எழுதிக் குடுக்கத்தான் அதிகாரம் இல்லீங்க. நீங்க இயக்குநர், நீங்க போடலாமுங்க."

"நான் மேலொப்பம்தான் போட முடியும். கீழ ஒரு ஒப்பம் இருந்தாத்தானே மேலொப்பம்?"

பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமிப்பது என்று முடிவானது. அதற்கு ஆணை வேண்டும். ஆணைக்கு வரிசை எண் வேண்டும். எண் போடும் பதிவேடு இருந்த அலமாரியின் சாவி லீவிலிருந்த எழுத்தரிடம் இருந்தது. அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் தொட்டி பத்திரமாக இருக்கிறது என்பதில் ஒரே கருத்தாக இருந்தார்கள். பேனா ஒரு சுற்றுச் சுற்றி மேசைக்கே திரும்பி வந்தது.

சென்னியப்பன் வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. போகிற வழியில் விரிசலை இன்னொருமுறை எட்டிப் பார்த்தபோது விசிறிய தண்ணீர் அவரை மறுபடி நனைத்தது. வாசலில் இருந்த காவலாளியை முதலில் வெளியே அனுப்பினார். வரிசையின் முன்னால் நின்ற ஆசிரியையிடம் போனார். சூலூர்ப் பள்ளி ஆசிரியை. சேலையில் குத்தியிருந்த அட்டையில் சண்முகப்ரியா என்று இருந்தது.

"டீச்சருங்க, புள்ளைங்களக் கூட்டீட்டுப் பக்கத்துல இருக்கற அந்தக் கல்யாண மண்டபத்துக்குள்ள போயிருங்க. மேல்படிக்கட்டுல ஏத்தி நிக்கவைங்க."

"டைரக்டர் சார் வரிசைய விட்டு நகரக் கூடாதுன்னு மைக்ல சொன்னாருங்களே."

"தொட்டி உடையப்போகுது. நான் உள்ள இருந்துதான் வாரேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த அவருடைய பேண்ட்டைப் பார்த்தாள். விசிலை எடுத்து ஊதினாள். மற்ற இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் என்ன என்று கேட்டுக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். கடைசி வரிசை மண்டபத்தின் படியேறும்போது மணி பத்து ஆகி ஐந்து நிமிடம்.

தொட்டி உடைந்தது வெடித்த மாதிரி இல்லை, பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது என்றே பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த நொடி கட்டடத்தின் முன்பக்கம் முழுவதும் வெளியே வந்தது. ரிப்பன், டிக்கெட் அறை, வரிசைக் கம்பிகள், ஒட்டுப்பலகைச் சுறா எல்லாம் ஆள் உயரத் தண்ணீரில் அவிநாசி சாலைக்குப் போயின. பிள்ளைகள் நின்றிருந்த இடத்தில் ஒரு கார் வந்து கவிழ்ந்து நின்றது. பின்கட்டில் முதல் மாடியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் முத்திரை எடுக்கக் கீழே இறங்கிய மோகன்குமாருக்குத் தோள்பட்டை முறிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு சாலை நெடுக மீன்கள் துடித்தன. சென்னியப்பன் ஒரு வாளியைக் கண்டெடுத்து, பள்ளத்தில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரை மொண்டு ஒரு திருக்கை மீன் மேல் ஊற்றினார். அது கொஞ்சநேரம் இறக்கையை அசைத்தது. மறுபடி மொண்டுவந்து ஊற்றினார். மூன்றாம் முறை வந்தபோது அசையவில்லை. சுற்றிலும் ஆட்கள் பைகளோடு மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக் குழு இரண்டு வாரத்தில் கூடியது. முன்பு உணவகத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்தவரே தலைவர். சென்னியப்பன் தன் சின்ன நோட்டைக் கொடுத்தார். அது உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். பிறகு கோவிந்தராஜுலு சாட்சியம் சொன்னார்.

"உணர்ச்சிவசப்படாம ஆவணத்தப் பாக்கோணுங்க. சான்று வழங்கப்பட்ட நாற்பத்தாறு நாளும் தொட்டி நின்னுச்சு. ஒரு நாள்கூட உடையலை. சான்று வழங்கப்படாத ஒரே நாள் ஆண்டு விழா அன்னைக்கு. அன்னைக்குத்தான் உடைஞ்சுது. இதுக்கு மேல நான் என்னங்க சொல்றது?"

குழுவில் இருந்த எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் யாருக்கும் ஆபத்து ஏற்படாததற்கு, சான்று இல்லாமல் கதவைத் திறப்பதில்லை என்ற ஆணையத்தின் கண்டிப்பான நடைமுறையே காரணம் என்று அறிக்கை பாராட்டியது. பணியில் தவறியதற்காகச் சென்னியப்பன் நீக்கப்பட்டார். அதே இடத்தில் இருபத்தாறு லட்சம் லிட்டரில் புதிய தொட்டி கட்டவும், தனி ஒருவரின் மனநிலையால் சான்று தடைபடாமல் இருக்க, இனிப் படிவங்களைக் கையெழுத்தோடு சேர்த்தே அச்சடித்து வைக்கவும் குழு பரிந்துரைத்தது. விதி நான்கின்படி செல்லத்தக்க கையெழுத்து ஒன்றே ஒன்றுதான் கோப்பில் இருந்தது. சென்னியப்பனை நீக்கினார்களே தவிர, அவருடைய கையெழுத்தை நீக்கவில்லை.

அதைத் திருப்பித் தரும்படி அவர் மூன்று விண்ணப்பம் எழுதினார். பதில் இல்லை. இரண்டாம் வருடம் புதிய தொட்டி நிரம்பியது. திறப்பு விழா நாளில் வரப்போகும் பள்ளிகளின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தன. பதினான்கு பள்ளிகள். சென்னியப்பன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

முதல் பள்ளியின் தலைமையாசிரியர் தம்பிதுரை அவரை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். விரிசல், தேதிகள், வாளி, அந்தச் சத்தம். கேட்டு முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க கவலை நியாயந்தானுங்க. நானும் அதை யோசிச்சுத்தான் முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன். பாருங்க, சான்று குடுத்திருக்கறாங்க."

திறப்பு விழா நாளான அடுத்த வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருந்தது. கசிவு: இல்லை. கீழே கையெழுத்து.

"இது என்ற கையெழுத்துங்க" என்றார் சென்னியப்பன்.

தலைமையாசிரியர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"அப்பறம் என்னுங்க" என்றார். "நீங்களே போட்டிருக்கறீங்க."